கேட்ட கேள்விக்குச் சரியான பதில்

1

இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம் முடிந்துவிட்டது என்பது நகராட்சிக்காரர்கள் கடிதம் போட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமாம். கூடவே வந்த படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, புகைப்படத்தோடு நேரில் வரவேண்டுமாம். கறுப்பு மை என்பதன் கீழே கோடு போட்டிருந்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் எதற்கும் கோபப்பட மாட்டார்கள், கோடு போடுவார்கள்.

அந்தப் படிவத்தின் முதல் கட்டமே எங்களுக்கு ஆகாது. குடும்பப் பெயர். புதூர்ப் பக்கம் செம்மறி ஆடு மேய்க்கிறவர் வீட்டில் பிறந்த எனக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பெயர் மாரி. அப்பா பெயர் சுடலைமுத்து. அவ்வளவுதான். வந்த புதிதில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, வெற்றுக் கட்டத்தை கம்ப்யூட்டர் வாங்காது என்றாள். அப்பா பெயரை எழுதினேன். என் வீட்டுக்காரர் அவருடைய அப்பா பெயரை எழுதினார். மகள் கயலுக்கு என் வீட்டுக்காரர் பெயர் குடும்பப் பெயரானது. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். யாரோ மூன்று பேர் வீட்டைப் பங்குபோட்டு வாடகைக்கு இருக்கிறோம் என்று தபால்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சிலும் இப்படித்தான் முழித்தேன். இவர்கள் மொழியிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. யாருக்கு எது என்று பிடிபடவில்லை. மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று எல்லோரையும் 'நீங்கள்' என்றே கூப்பிட்டேன். கயலோடு விளையாட வந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் "நீங்கள் பால் குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு நாயிடமும் அப்படியே பேசியிருக்கிறேன். கயல் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

வெற்றுக் கட்டத்தை வாங்காத கம்ப்யூட்டரை அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். வெற்றுக் கட்டத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிற கம்ப்யூட்டர் அதைவிட மோசம் என்று இந்த வருடம்தான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை. அண்ணன் பெண்டாட்டி பேச்சி மதினி ஒரு தடவை கேட்டாள்.

"அங்கன என்ன வேலைதான் பாக்குத?"

"குழாய் வரையுதேன் மதினி. கம்ப்யூட்டர்ல."

"தண்ணிக் குழாயா?"

"எண்ணெய், கேஸ் எல்லாம் போற குழாய்."

"நம்மூருக்கும் ஒண்ணு வரைஞ்சு போடு தாயி. தண்ணி வருதான்னு பாப்போம்."

மதினி சொன்னதில் தப்பில்லை. கோவில்பட்டியில் பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் நாலு வருடம் படம் வரைந்து, கல்யாணமான பிறகு கயலை ஒன்றரை வயதில் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். ராட்டர்டாம் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அன்றிலிருந்து குழாய்தான். கடலில் நிற்கப்போகிற ஒரு பெரிய தொழிற்சாலையை, இரும்பு வாங்குவதற்கு முன்னாலேயே, கம்ப்யூட்டருக்குள் முழுதாகக் கட்டிவிடுவோம். அதற்குள்ளே நடந்து போகலாம், படி ஏறலாம், குனிந்து குழாய்க்கு அடியில் பார்க்கலாம். மாடல் என்று சொல்வோம். அதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு உண்டு. என்ன வகை, என்ன அளவு, எத்தனை கிலோ, எந்த உயரம், சரிபார்த்தாயிற்றா இல்லையா என்று அந்தச் சீட்டில் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும்.

இரண்டு லட்சம் சாமான் உள்ள மாடலில் ஒன்றைக் கண்ணால் தேட முடியாது. அதற்கென்று ஒரு தேடும் பெட்டி இருக்கிறது. சும்மா பெயரைத் தட்டித் தேடுவது ஒன்று. விவரம் தெரிந்தவர்கள் அதில் கேள்வி எழுதுவார்கள். வகை: வால்வு. அளவு: ஆறு அங்குலத்துக்கு மேல். உயரம்: தரையிலிருந்து ஒரு ஆள் கைக்கு எட்டாதது. அருகில் படி: இல்லை. இப்படி வரிக்கு ஒரு நிபந்தனை. எழுதி முடித்துத் தட்டினால் மொத்த மாடலும் மங்கிப்போய், கேட்டது மட்டும் மஞ்சளாக எரியும். திருகப் போகிறவன் கைக்கு எட்டாத வால்வு ஏழு இருக்கிறது என்று அப்போது தெரியும். நான் எழுதிய ஒரு கேள்வியால் யாரோ ஒருவன் கடல் காற்றில் ஏணி போட்டு ஏறாமல் தப்பிக்கிறான். எனக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம் உண்டு. அலுவலகத்தில் சிக்கலான கேள்வி எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆடு காணாமல் போனால் இப்படித்தான் கேட்போம். "பொட்டு ஆடு, வலது காதுல நறுக்கு, இடது கொம்பு நுனி ஒடிஞ்சது, சினையா இருக்கும், கண்டியளா?" என்று நாலு நிபந்தனை சொன்னால் விளாத்திகுளம் சந்தை வரைக்கும் அடையாளம் போய்விடும்.

ஆனால் எங்கள் வீட்டில் ஆட்டை எண்ண மாட்டார்கள். எண்ணினால் குறையும் என்று ஒரு பயம். சாயங்காலம் பட்டிக்குள் ஆடு நுழையும்போது அண்ணன் சண்முகம் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாரும் வந்து "எத்தனை?" என்று கேட்கக் கூடாது. "எது வரல?" என்றுதான் கேட்க வேண்டும். குட்டி கத்தித் தாய் பதில் சொல்லாத மூலை, வழக்கமாக முட்டிக்கொள்ளும் இரண்டில் ஒன்று சும்மா நிற்பது, இதையெல்லாம் பார்த்து அண்ணன் சொல்லுவான். "நெத்திப்பொட்டுக்காரி வரல" என்பான். இல்லாவிட்டால், "எல்லாம் வந்துட்டு" என்று படலைச் சாத்துவான். பாலிடெக்னிக்கில் கணக்கில் முதலாவதாக வந்த எனக்கு இது அப்போது கேலியாக இருந்தது.

3

அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று இருப்பது அண்ணன் ஒருவன்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் கோவில்பட்டிக்குப் படிக்கப் போனபோது, பஸ் ஏற்றிவிட மூன்று மைல் பெட்டியைச் சுமந்து வந்தவன். கரிசல் மண் மழையில் ஒட்டிக்கொண்டு இரண்டு செருப்பும் தட்டு மாதிரி ஆகிவிட்டன. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஊரில் மதியம் தாண்டிய நேரம், போன் கார்டைச் சுரண்டி அண்ணன் செல்போனுக்கு அடிப்பேன். அவன் மேய்ச்சலில் இருப்பான். டவர் கிடைக்கிற மேட்டில் குடையோடு நிற்பான். அவனுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து என் கேள்விகள் வரிசையாக நின்றன.

"மாத்திரை போடுதியா?"

"போடுதேன்."

"சுகர் பாத்தியா?"

"பாத்தாச்சு."

"மழை உண்டா?"

"ஒரு தூத்தல். பருத்திக்குக் காணாது."

"மதினி, பிள்ளைக எல்லாம்?"

"நல்லா இருக்காவ."

பார்த்தாயிற்று என்றால் பார்த்தாயிற்றுதான். எவ்வளவு இருந்தது என்று நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது என்ற திருப்தியில் போனைக் கயலிடம் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

கயலின் பேச்சு இரண்டு நிமிடம் போகும், சில வாரம் ஐந்து நிமிடம். அவளுக்கு ஒன்பதரை வயது. தமிழ் புரியும், பேச்சு வழுக்கும். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். அதுவும் ஒரு சொல். சாப்பிட்டியா? ம். வீட்டுப்பாடம்? முடிஞ்சது. பள்ளிக்கூடத்தில் என்ன? ஒன்றுமில்லை. மதியத்துக்கு ரொட்டியில் சாக்லேட் தூவல் போட்டுத்தான் வேண்டும் என்பாள். இட்லி கட்டிக் கொடுத்தால் டப்பா அப்படியே திரும்பி வரும். பிள்ளை கையைவிட்டுப் போகிறாள் என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பயம் வரும்போதெல்லாம் கேள்வியின் எண்ணிக்கையைக் கூட்டினேன்.

அவள் ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை, ஆறு வயதில். ஒரு மாதம் இருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளையைவிட மாமன்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு சாயங்காலமெல்லாம் அவனோடு பட்டி வாசலில்தான் நிற்பாள். கடைசி ஆடு நுழைந்ததும் படலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்பாள், "எது வரல மாமா?" அண்ணன் குனிந்து அவள் காதில் சொல்லுவான், "எல்லாம் வந்துட்டு தாயி." இங்கே திரும்பின பிறகு ஊரைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

4

இந்த வருட ஆரம்பத்தில் எங்களிடம் ஒரு பெரிய வேலை வந்தது. குழாய்கள் வரிசையாக ஓடும் இரும்புப் பாலம் ஒன்று. குழாய் தொங்கிப்போகாமல் அங்கங்கே தாங்கிப் பிடிக்கும் இரும்புக்கு சப்போர்ட் என்று பெயர். ஒவ்வொரு சப்போர்ட்டையும் சரிபார்த்து, அதன் படத்தை வேறு ஊரில் உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முதல் நாள், இன்னும் சரிபார்க்காதது ஏதாவது மீதி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

கேள்வியை எழுதினேன். வகை: சப்போர்ட். இடம்: பாலம். நிலை: 'சரிபார்த்தது' அல்லாதது. தட்டினேன். ஒன்றும் எரியவில்லை. மூலையில் பூஜ்யம் என்று காட்டியது. எல்லாம் முடிந்தது என்று எழுதி அனுப்பிவிட்டு, பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு காபி கூடக் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டறையிலிருந்து கேட்டார்கள். பாலத்தின் வடக்கு முனையில் குழாய் இருக்கிறது, தாங்கும் இரும்பு எங்கே? வேலை நிற்கிறதே?

மாடலுக்குள் போனேன். வடக்கு முனைக்கு நடந்து போய், ஒரு சப்போர்ட்டைத் தொட்டுச் சீட்டைத் திறந்தேன். இரும்பு இருந்தது. அளவு இருந்தது. 'நிலை' என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்ததைத் தொட்டேன். அதிலும் இல்லை. அந்த முனையிலிருந்த முப்பத்தொன்றும் அப்படியே. பழைய மாடல் ஒன்றிலிருந்து யாரோ நகலெடுத்துக்கொண்டு வந்து வைத்தவை. நகலெடுத்தபோது அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக வந்துவிட்டது. நான் 'சரிபார்த்தது அல்லாதது' என்று கேட்டேன். கட்டத்தில் வேறு எதையாவது எழுதி வைத்திருப்பதைத்தான் அந்தக் கேள்வி எடுத்துக்கொடுக்கும். ஒன்றுமே எழுதாதது சரிபார்த்ததோடும் சேராது, சரிபார்க்காததோடும் சேராது. கேட்ட பக்கமெல்லாம் நழுவிப்போய் இருட்டில் நிற்கும். அதனால்தான் அவற்றின் படம் பட்டறைக்குப் போகவில்லை.

எங்கள் குழுவின் தலைவர் ஹெங்க் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். உயரமான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

"இந்த சாஃப்ட்வேர் என்னிடம் பொய் சொல்லிவிட்டது" என்றேன்.

"இல்லை மாரி" என்றார். "நீ கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான் சொல்லியிருக்கிறது."

திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு கேள்வியில் இன்னொரு வரி சேர்த்தேன். அல்லது, நிலை: எதுவும் எழுதப்படாதது. தட்டினேன். வடக்கு முனை முழுக்க மஞ்சளாக எரிந்தது. ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவள், எத்தனை என்று பார்த்துத் திருப்திப்பட்டேன். எது வரல என்று கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டறையில் நாலு நாள் வேலை நின்றது. அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

5

வெள்ளிக்கிழமை எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வரும்போது அந்த வரியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் எழுதப்படாதது. ஆற்றுப் பாலம் ஏறும்போது, ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் ஞாபகம் வந்தன. மாத்திரை, சுகர், மழை, பிள்ளைகள். அதுவும் ஒரு சீட்டுதான். நான் போட்ட கட்டங்களை மட்டும் அண்ணன் நிரப்புகிறான். பாலத்தின் நடுவில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். வழக்கமான கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை.

"அண்ணே."

"என்னட்டி?"

"நான் கேக்காதது ஏதாவது இருக்கா?"

"என்னது?"

"நான் கேக்காததுனால நீ சொல்லாதது."

சிரித்தான். "ஒண்ணுமில்லட்டி. என்ன இன்னைக்கு ஒரு மாதிரி பேசுத?"

நான் பதில் சொல்லவில்லை. கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. ஒரு பாத்திரம் விழுந்தது. நான் காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன். எது வரல என்று தேடினேன். ஆட்டுச் சத்தம் வரவில்லை.

எத்தனையோ வருடமாக அவன் குரலுக்குப் பின்னால் குட்டிகளின் கத்தலும் காற்றும் கேட்கும். இப்போது எத்தனை வாரமாக அது இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னாலிருந்தேகூட இருக்கலாம்.

"அண்ணே, நீ எங்கன இருக்க?"

"வீட்லதான்."

"ஆட்டுக்கு யாரு போயிருக்கா?"

"உங்க மதினி."

"நீ ஏன் போகல?"

"கால்ல ஒரு முள்ளுட்டி. வேலிமுள்ளு. ஏறுனதே தெரியல, மரத்துக் கெடந்திருக்கு. ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது. பொறவு ஆறவே மாட்டேங்கு. புதூருக்குப் போயிக் கட்டு மாத்திட்டு வாரேன்."

"எத்தன நாளாச்சு?"

"ஆச்சு, ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"அதான் பாப்பாகிட்ட சொன்னேனே" என்றான். அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. "பாப்பா சொல்லியிருப்பான்னு நெனச்சேன். நீ ஒண்ணும் கேக்கல. வேலையில கெடந்து அலையுதா, நாம எதுக்கு எடுக்கணும்னு விட்டுட்டேன்."

இத்தனை வாரமாக, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே என் அண்ணன் என்னோடு பேசியிருக்கிறான். தெரிந்தும் தங்கச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே, மாத்திரை போடுதேன், பாத்தாச்சு, ஒரு தூத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

"அழாதட்டி. முள்ளுதான."

அழுதபடியே அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். மறுநாளே கோவில்பட்டிக்குப் போய் டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும், கூட மதினியும் போக வேண்டும். போனை வைத்துவிட்டுக் கயலிடம் போனேன். மாடியில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மாமாவுக்குக் கால்ல அடின்னு உனக்குத் தெரியுமா?"

"ம். வலது கால்."

"எப்படித் தெரியும்?"

எழுந்து கீழே போய், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கோயில் கொடையில் எடுத்து அண்ணன் தபாலில் அனுப்பிய படம். வந்த அன்று நானும் பார்த்தேன். அண்ணன், மதினி, பிள்ளைகள் இருவர், எல்லோரும் இருந்தார்கள். திருப்தியோடு காந்தத்தை வைத்து ஒட்டினேன். கயல் விரலை வைத்த இடத்தில் இப்போது பார்த்தேன். அண்ணன் இடது காலில் செருப்பு. வலது கால், மதினியின் சேலைக்குப் பாதி பின்னால், வெள்ளைத் துணி சுற்றி.

"மாமா ஏன் ஒரு செருப்பு மட்டும்னு கேட்டேன். சொன்னாங்க" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தக் கால், என்ன முள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய்க் கட்டு மாற்றுகிறான், மாமா இல்லாமல் ஆடுகள் மதினி பேச்சைக் கேட்பதில்லை என்பது வரைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டு நிமிடத்தில் கட்டைப் பற்றித்தான் விசாரித்திருக்கிறாள். நான் அடுப்பங்கரையில் இருந்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். குறும்பு இல்லை, பயமும் இல்லை.

"நீ கேக்கல" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாப்பிட்டாயா, பாடம் முடித்தாயா என்று எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கொஞ்ச நேரம் கழித்து, வரைந்த படத்தை என் பக்கம் தள்ளி, இது பள்ளிக்கூடத்தில் தன்னோடு யாரும் உட்காராத பெஞ்சு என்றாள். டச்சில்தான் சொன்னாள். அன்றைக்கு மதியம் சமையல் தாமதமாகிவிட்டது.

6

கோவில்பட்டி டாக்டர் காலைப் பார்த்ததும், நேரே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். புண் எலும்புக்கு இறங்கிவிட்டதாம். மதினி போனில் சொன்னாள்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கணுக்காலோட எடுத்திருக்கணுமாம், மாரி. இப்பம் விரலோட போயிரும்னு சொல்லுதாவ. உங்க அண்ணன் வாயே தெறக்கல. ஆட்டை யாரு பாப்பான்னு மட்டும் கேக்காவ."

அண்ணனின் வாழ்க்கையே நடைதான். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடப்பான் என்று அவனும் எண்ணியதில்லை. கால் போனால் அவனுக்கு எதுவும் மீதி இருக்காது. அந்த வாரம் நான் விடுப்புக் கேட்டேன். டிக்கெட் எடுக்கப் போனால், அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருக்கிறது, அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி நுழைவது சிரமம் என்றார்கள். கறுப்பு மையில் நிரப்பிக் கொடுத்த அதே படிவம். நகராட்சிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் அண்ணனுக்கு அறுவைச் சிகிச்சை என்று அவர்கள் மொழியில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். வருத்தத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை. ஹெங்க் மட்டும், நான் சொல்லாமலே, என் மேஜை வேலையைத் தன் மேஜைக்கு மாற்றி வைத்திருந்தார்.

அறுவை முடிந்த நாலாம் நாள் அண்ணனே பேசினான். குரல் தளர்ந்திருந்தது. ஆனால் அவன் குரல்தான். போனை ஸ்பீக்கரில் போட்டேன். கயல் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கால் தப்பிச்சிட்டுட்டி" என்றான். "ரெண்டு மாசத்துல நடக்கலாமாம். தனியா ஒரு செருப்பு தச்சுத் தருவாங்களாம்."

"விரல் எத்தன எடுத்தாங்க, அண்ணே?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அவனும் அதையேதான் சொன்னான்.

"எண்ணாதட்டி."

போனுக்குள் ஆஸ்பத்திரியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது கயல் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டிப் படலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"எது வரல மாமா?"

அந்தப் பக்கம் அண்ணன் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. பிறகு அவன் சிரிப்பு.

"கடைசி ரெண்டும் வரல தாயி" என்றான். "மத்ததெல்லாம் வந்துட்டு."